பத்தொன்பதாவது கை

பேருந்துக்குள் வாக்கெடுப்பு நடந்தது.
மேற்கே என்றால் கடலடிச் சுரங்கம் தாண்டி விமான நிலையத் தீவு.
வடக்கே என்றால் ஆட்டுப்பட்டிக் குன்று.
இரண்டு பக்கமும் அதே சாம்பல் வானம்.
குழுத்தலைவி ஹெஸ்டர் கைபேசியில்
மேகப்படத்தை விரித்து விரித்துப் பார்த்தாள்.
ஃபாரோ தீவுகள் மொத்தமும்
அவள் கட்டைவிரலுக்கு அடியில் போய்விட்டன.

முப்பத்தேழு பேர்.
மேற்குக்குப் பதினெட்டு.
வடக்குக்கு யார் யார் என்றபோது
நானும் கையைத் தூக்கினேன்,
கழிவறை எங்கே என்று கேட்பதற்காக.
காலையில் விழுங்கிய ரத்த அழுத்த மாத்திரை
வேலையைத் தொடங்கியிருந்தது.
"பத்தொன்பது" என்றாள் ஹெஸ்டர்.
பாதிப் பேர் கைதட்டினார்கள்.
ட்ரோண்டூர் வண்டியை வடக்கே ஒடித்தார்.

வழியெல்லாம் திரு. ஆட்ஜர்ஸ் பேசிக்கொண்டே வந்தார்.
பதினோரு கிரகணம் பார்த்தவர்.
வைர மோதிரம், முத்துச்சரம்,
தரையில் பாம்பாக நெளியும் நிழல் வரிகள்.
நான் ஜன்னலில் ஒரு மரத்தைத் தேடினேன்.
இந்தத் தீவில் மரம் கிடையாது.
நான்கு நாளாக அதை வியந்து
நாற்பது படம் எடுத்தவள் நான்.
இன்று ஒரு புதர் போதும். ஒரே ஒரு புதர்.
புல், பாறை, புல்.

குன்றின்மேல் ஊர்க்காரர்கள் முந்தியிருந்தார்கள்.
பள்ளிக்கு விடுமுறை.
சுன்வா என்றொருத்தி காரின் முன்மூடியில்
ருபார்ப் ஜாம் தடவிய கேக்கைப் பரப்பி
வந்தவர் போனவருக்கெல்லாம் நீட்டினாள்.
கூடவே காபி.
மறுத்தால் மனம் நோவாளோ என்று
அதையும் குடித்துத் தொலைத்தேன்.

ஒன்பது நாற்பத்தொன்று.
மேகம் விலகவில்லை.
மேகத்தோடு சேர்த்தே அணைந்தது பகல்.
கீழே மீன் தொழிற்சாலையில் விளக்குகள் எரிந்தன.
எங்கள் பேருந்தின் முகப்பு விளக்குகளும்
யாரையும் கேட்காமல் எரிந்தன.
"அணை! அணை!" என்று நான்கு மொழிகளில் கத்தினார்கள்.
ட்ரோண்டூர் ஓடினார்.
நானும் ஓடினேன், எதிர்த் திசையில்,
பட்டியின் கற்சுவருக்குப் பின்னால்.

நான்கு நாளில் இவ்வளவு பொருத்தமான இருட்டு
வாய்க்கவில்லை.
ஓர் ஆடு மட்டும் அசைபோடுவதை நிறுத்திவிட்டு
என்னைப் பார்த்தது. பார்க்கட்டும்.

முப்பத்தாறு பேரும் தென்கிழக்கே அண்ணாந்து
ஒன்றுமில்லாததைப் பார்த்து நின்றபோது
நான் ஒருத்தி மேற்கு நோக்கிக் குந்தியிருந்தேன்.
அங்கே, கடல் முடியும் இடத்தில்
புளி போட்டுத் துலக்கிய பித்தளை போல்
மெல்லியதாக ஒரு கோடு.
அது அகலமானது.
தண்ணீர்மேல் நடக்கத் தொடங்கியது, பிறகு ஓடியது.
இருட்டைப் பாய்போலச் சுருட்டிக்கொண்டு
ஒரு மீன்படகைத் தாண்டியது,
சரிவில் ஏறியது,
ஆட்டின் முதுகில் விழுந்தது,
என் முழங்காலில் விழுந்தது.
எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ அழுதார்கள்.
யாரோ பணத்தைத் திருப்பித் தருவார்களா என்றார்கள்.
சுன்வாவின் மகன்கள்
இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கூவினார்கள்.

இரவு விடுதியில், மேற்கே போன வேறொரு குழு.
அவர்களுக்கு மேகம் கிழிந்ததாம், முக்கால் நிமிடம்.
சொல்ல வாயெடுத்தவர்களுக்குச் சொல் வரவில்லை.
சூப் ஆறிக்கொண்டிருந்தது.
திரு. ஆட்ஜர்ஸ் குறிப்பேட்டில் பன்னிரண்டு என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.
"அந்தப் பத்தொன்பதாவது கை யாருடையது?"
என்று ஒருவர் சிரிக்காமல் கேட்டார்.
நான் உப்பை அந்தப் பக்கம் தள்ளிவைத்தேன்.

மறுநாள் விமான நிலைய வாசலில்
பெட்டியை இறக்கித் தந்தார் ட்ரோண்டூர்.
விளக்கை அணைக்க ஓடியவர்.
ஓட்டுநர் இருக்கையிலிருந்து
கற்சுவரின் இந்தப் பக்கம் தெரியும் என்பது
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
என் முகத்தைப் பார்க்காமல்
பெட்டியின் கைப்பிடியைப் பார்த்துக் கேட்டார்:
"மேற்கே எப்படி இருந்தது?"